மென்பொருட் பொதிகளும் அவற்றின் கோப்புப் பட்டியலும்

அந்தமான் தீவுகளின் தலைநகரம் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப் பெற்றது. அதற்குமுன் போர்ட் பிளேர் என்று வழங்கிய அந்நகரத்தில், கடலை ஒட்டியுள்ள ஹேடோ என்னும் பகுதிக்குத் தீவுகளின் வாழ்க்கையில் தனி இடம் உண்டு. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்கள் ஹேடோ துறைமேடைக்கு வந்து சேருகின்றன. சென்னையிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தூரம். கடல் வழியே சுமார் மூன்று நாட் பிரயாணம்.

கப்பலில் ஏற்றப்படும் சரக்குடன் ஒரு பட்டியலும் வருகிறது. ஏற்றிய துறைமுகத்தில் எழுதப்பட்ட அப்பட்டியலை இறங்கும் துறைமுகத்தில் வைத்துக்கொண்டு மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். அவ்வாறு எண்ணும்போது இருவகைப் பிழைகள் வெளிப்படலாம். பட்டியலில் குறித்த பொருள் மேடையில் இறங்காமற் போயிருக்கலாம்; மேடையில் இறங்கிய பொருள் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். முன்னது நஷ்டம் என்பது எவருக்கும் விளங்கும். பின்னதை லாபம் என்று கருதலாமா எனின், கூடாது. யாருக்கு உரியது, எதற்காக வந்தது என்று தெரியாத மூட்டை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை அகற்றும் பொறுப்பும் எவரிடமும் இராது. ஆகவே துறைமுகக் கணக்கில் குறைவும் மிகையும் ஒருங்கே குற்றமாகக் குறிக்கப்படுகின்றன.

இது கடலின் மேல் வரும் சரக்கு. கடலின் அடியில் வரும் சரக்கும் இப்போது உண்டு. சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பி 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கம்பி ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் முதலிய தீவுகளையும் எட்டுகிறது. அதற்குமுன் செயற்கைக் கோள்களையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. செய்தி செல்லும் அளவும் குறைவு, செலவும் மிகுதி. இக்கம்பி வழியே வருவனவற்றுள் கணிப்பொறிகளுக்கு வேண்டிய மென்பொருள்களும் அடங்கும். அவையும் பொதிகளாகவே வருகின்றன. ஒவ்வொரு பொதியிலும் உள்ள சரக்கிற்கு ஒரு பட்டியலும் உண்டு. ‘ஃப்ரீ பி.எஸ்.டி.’ என்னும் இயக்கமுறைமையின் பொதிகளில் அப்பட்டியலைத் தாங்கிய கோப்பிற்கு, கப்பற் சரக்குப் பட்டியலுக்கு வழங்கும் ‘மேனிஃபெஸ்ட்’ என்ற பெயரையே இட்டிருக்கிறார்கள். இப்பட்டியல் எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு பழுதுபடுகிறது, பழுது நேராமல் எவ்வாறு காக்கப்படுகிறது என்பது பொதுவாக எவர் கவனத்துக்கும் வராத விஷயம். எனினும், தூரத்துத் தீவிலுள்ள ஒரு காரியாலயக் கணிப்பொறி காலையில் ஒழுங்காக இயங்குவதும் இயங்காததும் பல சமயங்களில் அதைப் பொறுத்தே அமைகின்றன.

பொதி என்பது யாது?

திறந்த மூல மென்பொருளை எழுதுவோர் மனிதர் படிக்கத்தக்க மூலநிரலை வெளியிடுகின்றனர். அதைக் கணிப்பொறி ஏற்கும் உருவத்துக்கு மாற்றும்போது ஒன்றல்ல, பல கோப்புகள் உண்டாகின்றன. இயங்கும் நிரல் ஓரிடத்திலும், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள் வேறிடத்திலும், எழுத்துருக்களும் உதவிக் குறிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் தத்தமக்குரிய அடைவுகளிலும் வைக்கப்பட வேண்டும். சிறிய மென்பொருளுக்குப் பத்துக் கோப்புகள் போதும். பெரியனவற்றுக்கு ஆயிரக்கணக்கில் தேவை.

தொடக்க காலத்தில், மூலநிரலுடன் வரும் கட்டளைகளை இயக்கி அக்கோப்புகளை நேராக அவ்வவ்விடங்களில் தூவிவிடுவதே வழக்கம். தூவுவது எளிது, திரும்பப் பொறுக்குவதுதான் கடினம். ஒரு வருஷம் கழித்து அம்மென்பொருள் வேண்டாமென்று தோன்றினால், எந்தக் கோப்பு அதனுடையது, எது வேறொன்றனுடையது என்று சொல்வார் இரார். பழைய பதிப்பின் மீது புதிய பதிப்பைத் தூவினால் இரண்டும் கலந்து நிற்கும். இத்தொல்லைக்குப் பரிகாரமாகத்தான் 1990-களில் பொதி முறைகள் தோன்றின. அமெரிக்காவில் இயன் மர்டாக் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார், ஃப்ரீ பி.எஸ்.டி.யின் பொதித் தொகுதி 1994-இல் ஆரம்பமாயிற்று. ‘ரெட் ஹாட்’ ஸ்தாபனத்தார் ஆர்.பி.எம். முறையை அதே காலப் பகுதியில் வகுத்தனர். விவரங்களில் வேறுபட்டாலும் இம்மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: பொதி எந்தெந்தக் கோப்புகளை எந்தெந்த இடத்தில் வைக்கிறது என்பது முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டெபியன் பொதியொன்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் காணப்படும். முதலாவது, பொதியின் அமைப்பு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று கூறும் சிறு கோப்பு. இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் முதலிய விவரங்கள். மூன்றாவதே சரக்கு. பொதியை நிறுவும் ‘டி.பி.கே.ஜி.’ என்னும் நிரல் சரக்கை இறக்கி வைக்கும்போதே, இறக்கிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஒரு பேரேட்டில் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் பொதியை நீக்கும்போதும், புதுப்பிக்கும்போதும், கோப்புக் கெட்டுவிட்டதோ என்று சோதிக்கும்போதும் அந்தப் பேரேடே சாட்சி.

இந்தியாவில் இம்முறை சர்க்கார் காரியாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்ததற்குச் சென்னை ஒரு முக்கியக் காரணம். கட்டற்ற மென்பொருளுக்கென 2005-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் ஆதரவில் ஒரு தேசிய வள மையம் ஏற்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் நிலையமும், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் அதன் பணியை ஏற்றன. அதன் விளைவாக ‘பாஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே டெபியனின் பொதி முறையும், பட்டியல் முறையும், அவற்றின் நலங்களும் இடர்களும் அதற்கும் உரியனவாயின.

தமிழ் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் இப்பட்டியலுக்கும் நேரடியான தொடர்பு உண்டு. ‘லோகித் தமிழ்’ என்னும் எழுத்துரு ஒரு பொதி. அதன் பட்டியலில் எழுத்துருக் கோப்பு ஒன்றும், எந்த மொழிக்கு எந்த எழுத்துருவை முதலில் எடுப்பது என்று கூறும் சிறு கோப்பும், உரிமை அறிவிப்பும், மாற்றங்களின் வரலாறும் உள்ளன. ‘தமிழ்99’, தட்டச்சு, ஒலியியல், ‘இன்ஸ்கிரிப்ட்’ ஆகிய விசைப்பலகை அமைப்புகள் ‘எம்17என்’ என்ற தரவுத் தொகுதியில் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு வரி. பட்டியலில் தமிழ்99-க்கு உரிய ஒரு வரி விடுபட்டால் ஏனைய நூற்றுக்கணக்கான கோப்புகள் சரியாக இருந்தும் தமிழ்99 பழகியவருக்குக் கணிப்பொறி பயன்படாது. 2011-ஆம் வருஷத்து மக்கட் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் சுமார் 15 சதவிகிதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதை நினைத்தால், சென்னையில் விடுபடும் ஒரு வரி ஹேடோவில் என்ன பொருள்படும் என்பது தெரியும்.

எழுதுவது யார்?

பட்டியலை மனிதர் எழுத வேண்டுமா, யந்திரமே எழுதிக்கொள்ளலாமா என்பது பொதி கட்டுவோரிடையே நெடுநாளாக இருந்துவரும் கேள்வி. யந்திரம் எழுதுவதில் சிரமம் ஒன்றுமில்லை. மென்பொருளைத் தயாரித்து, ஒரு காலி அடைவில் இறக்கிவைத்து, அங்கே காண்பனவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக்கொள் என்றால் நொடியில் எழுதிவிடும். பிழையே இராது என்றுகூடத் தோன்றும். அங்கேதான் மயக்கம் இருக்கிறது. தயாரிப்பில் ஏதோ காரணத்தால் ஒரு கோப்பு உண்டாகாமற் போயிருந்தால், யந்திரம் எழுதும் பட்டியலிலும் அது இராது. பட்டியலும் சரக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கப்பல் வந்த பிறகு மேடையில் இருப்பதைப் பார்த்துச் சரக்குப் பட்டியலை எழுதுவதற்கு அது ஒப்பாகும். அத்தகைய பட்டியலில் எக்காலத்திலும் குறைவு காணப்படாது. அதனால் எவருக்கும் பயனுமில்லை. இருப்பதைப் பார்த்து எழுதியது வெறும் நகல். இருக்க வேண்டியதை முன்கூட்டிச் சொல்வதே பட்டியல்.

இனி, கையால் எழுதும் முறையைக் கவனிப்போம். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் 30,000-க்கு மேற்பட்ட மென்பொருள்கள் பொதிகளாக உள்ளன. அவற்றில் கோப்புகள் மிகச் சிலவாக இருந்தால் தயாரிப்புக் கட்டளைக் கோப்பிலேயே குறித்துவிடுவர். மிகுதியாக இருந்தால் ‘பி-லிஸ்ட்’ என்னும் தனிக் கோப்பில் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுவர். பட்டியலின் முதற் படியைத் தயாரித்துத் தரும் கட்டளை ஒன்று உண்டு. ஆயினும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும் என்று அவர்களுடைய கைந்நூல் எச்சரிக்கிறது. பட்டியலையும் சரக்கையும் ஒப்பிடும் கட்டளை வேறு. அது பட்டியலில் இருந்து சரக்கில் இல்லாதவற்றையும், சரக்கில் இருந்து பட்டியலில் இல்லாதவற்றையும் தனித்தனியே அறிவிக்கிறது. பின்னவற்றுக்கு ‘அநாதைகள்’ என்று பெயர். ஹேடோ மேடையில் உரியவர் தெரியாமற் கிடக்கும் மூட்டைக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

ஓப்பன் பி.எஸ்.டி.யார் இடைவழி ஒன்றைக் கையாளுகிறார்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு யந்திரம் புதியதைத் தயாரிக்கிறது; மனிதன் இட்ட குறிப்புகளைக் கூடியவரை காப்பாற்றுகிறது. பொதி கட்டுபவர் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் படித்து ஏன் என்று ஆராய்கிறார். எழுதும் உழைப்பு யந்திரத்துக்கும், ஐயப்படும் உழைப்பு மனிதனுக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

டெபியனில் முழுப் பட்டியலை எழுதுவதைவிட மாதிரி எழுதுவதே பெருவழக்கு. ‘இன்ன அடைவில் இன்ன எழுத்தில் முடியும் கோப்புகள் யாவும்’ என்பதை ஒரு நட்சத்திரக் குறியால் உணர்த்திவிடலாம். ஒரே மூலநிரலிலிருந்து நிரலுக்கு ஒரு பொதி, நூலகத்துக்கு ஒன்று, ஆவணங்களுக்கு ஒன்று என்று பலவாகப் பிரிப்பதால், எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் செல்லும் என்பதை இம்மாதிரிகள் தீர்மானிக்கின்றன. எந்தப் பொதியிலும் சேராமல் ஒரு கோப்பு மிஞ்சினால் என்ன செய்வது? நீண்ட காலம் அது மௌனமாகவே விடப்பட்டு வந்தது. பிறகு எச்சரிக்கை காட்டும் வழக்கம் வந்தது. 2020-இல் வெளியான துணைக் கருவித் தொகுதியின் 13-ஆம் நிலையைப் பின்பற்றும் பொதிகளில், மிஞ்சிய கோப்பு ஒன்று இருந்தாலும் தயாரிப்பு நின்றுவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் விடுவதற்கு இடமில்லை. ஆர்.பி.எம். முறையிலும் இவ்வாறே, நிறுவப்பட்டும் பொதியில் சேராத கோப்பைக் கண்டால் தயாரிப்பு நின்றுவிடுகிறது.

நட்சத்திரக் குறியின் தன்மை

பட்டியல் ஒருமுறை சரியாக எழுதப்பட்டால் போதும் என்று எண்ணலாகாது. மென்பொருளின் மூல ஆசிரியர்கள் புதிய பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றனர். ஒவ்வொன்றிலும் சில கோப்புகள் தோன்றுகின்றன, சில மறைகின்றன, சில பெயர் மாறுகின்றன. பொதி கட்டுபவரின் நித்திய வேலை இதுதான். இதில் நட்சத்திரக் குறி பெரிய உதவி. அதுவே பெரிய ஆபத்தும் ஆகும்.

நூலகக் கோப்புகளின் பெயரில் ஓர் எண் சேர்ந்திருக்கும். மூல ஆசிரியர்கள் பழைய நிரல்களுக்குப் பொருந்தாத மாறுதலைச் செய்யும்போது அவ்வெண்ணை உயர்த்துவது மரபு. 5 என்றிருந்தது 6 ஆனால், அந்நூலகத்தை நம்பிய மற்ற மென்பொருள்கள் யாவும் மறுபடி தயாரிக்கப்பட வேண்டும் என்பது பொருள். பட்டியலில் 5 என்று விளக்கமாக எழுதியிருந்தால், புதிய பதிப்பில் 5 இல்லை என்று தயாரிப்பு நின்றுபோகும். பொதி கட்டுபவர் விழித்துக்கொள்வார். எண் இருக்குமிடத்தில் நட்சத்திரம் இட்டிருந்தால், 6 எவ்விதத் தடையுமின்றி உள்ளே நுழைந்துவிடும். அதை நம்பியிருந்த பத்துப் பதினைந்து மென்பொருள்கள் பயனர்களின் யந்திரங்களில் இயங்காமல் நின்ற பிறகே செய்தி வரும். ‘ஃபெடோரா’ திட்டத்தாரின் பொதி விதிகள் இவ்வெண்ணை நட்சத்திரத்தால் மறைக்கலாகாது என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

மொழிபெயர்ப்புக் கோப்புகளின் நிலை இதற்கு நேர்மாறானது. மென்பொருளின் திரைச் சொற்களைத் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பு முடிந்து மூலநிரலில் சேர்ந்ததும், தமிழ் அடைவில் ஒரு புதிய கோப்பு உண்டாகிறது. மொழிகளை ஒவ்வொன்றாக எழுதிய பட்டியல் தமிழை அறியாது. ஒப்பீடும் நடைபெறவில்லையானால் கோப்பு பொதிக்கு வெளியே நின்றுவிடும். மொழிபெயர்ப்பு உலகத்தில் இருக்கும், தமிழர் திரையில் இராது. இங்கே நட்சத்திரம் இடுவதே நன்று. மொழிகள் கூடுவதால் எவருக்கும் தீங்கில்லை. ஆர்.பி.எம். முறையில் மொழிக் கோப்புகளைத் தானே தேடிப் பட்டியலிடும் தனிக் கருவி ஒன்று உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி. பட்டியலிலோ மொழிக் கோப்புகளும் வரி வரியாகவே எழுதப்பட்டு, மொழி வசதி வேண்டும் என்று தேர்ந்தால் மட்டும் சேரும்படி முன்குறி இடப்படுகின்றன; அங்கே தமிழைக் காப்பாற்றுவது ஒப்பிடும் கட்டளைதான்.

எந்த இடத்தில் மாற்றம் பிறரைப் பாதிக்குமோ அங்கே பெயரை முழுதும் எழுதுவதும், எந்த இடத்தில் பெருக்கம் தீங்கற்றதோ அங்கே நட்சத்திரம் இடுவதும் பொதி கட்டுபவரின் விவேகத்தைச் சார்ந்தவை. இதை ஒரு விதியாக வகுத்து யந்திரத்திடம் ஒப்படைக்க இன்னும் முடியவில்லை.

தயாரிக்கும் இடத்தின் தூய்மையும் பட்டியலைப் பாதிக்கிறது. தயாரிக்கும் கணிப்பொறியில் தற்செயலாக ஒரு கூடுதல் நூலகம் இருந்தால், சில மென்பொருள்கள் அதைக் கண்டுபிடித்துக் கேளாமலே ஓர் உறுப்பைச் சேர்த்துத் தயாராகிவிடும். வேறொருவர் யந்திரத்தில் அவ்வுறுப்பு வராது. ஒரே மூலநிரலுக்கு இரண்டு பட்டியல்கள்! ஆகவே ஒவ்வொரு பொதியும், தேவை என்று அறிவிக்கப்பட்டவற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத தனிச் சூழலில் தயாரிக்கப்படுகிறது. ரசாயனச் சாலையில் கழுவிய குடுவையை எடுப்பது போன்றதே இது.

ஒரு கோப்பு, ஓர் உரிமையாளர்

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் அந்தமான் நிகோபார் வட்டார மையம் ஹேடோவில் இருக்கிறது. அத்தகைய நிலையங்களில் சேகரிக்கப்படும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பதிவெண் உண்டு; ஒரே எண்ணை இரு மாதிரிகளுக்கு அளித்தால் பதிவேடே பயனற்றுப் போகும். பொதி முறையிலும் ஒரு கோப்பு ஒரு பொதிக்கே உரியது. ஏற்கெனவே ஒரு பொதிக்கு உரிய கோப்பைத் தனது பட்டியலில் தாங்கிய மற்றொரு பொதி வந்தால், டி.பி.கே.ஜி. அதை நிறுவ மறுத்து, எந்தக் கோப்பு, யாருக்கு உரியது என்று தெரிவித்து நின்றுவிடும்.

ஆனால் உரிமை நியாயமாகவே கைமாற வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. பெருத்துவிட்ட பொதியை இரண்டாகப் பிரிக்கும்போது பழைய பொதியின் கோப்புகள் சில புதியதற்குச் செல்கின்றன. அப்போது புதிய பொதி, ‘பழையதன் இன்ன பதிப்புக்கு முந்தியவற்றின் கோப்புகளை எனது கோப்புகள் மேவலாம், அப்பதிப்புகளுடன் நான் சேர்ந்திருக்க இயலாது’ என இரண்டு அறிவிப்புகளைச் செய்ய வேண்டும். இவற்றை மறப்பது பொதி கட்டுவோரின் மிகச் சாதாரணமான பிழை. தயாரிப்பவர் தம் யந்திரத்தில் புதிதாக நிறுவிப் பார்க்கும்போது அது தெரியாது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துகிறவரிடத்திலேதான் வெடிக்கும்.

பட்டியல் சரி, நிலம் மாறியது

இதுவரை கூறியவை பட்டியலின் பிழைகள். பட்டியல்கள் யாவும் சரியாக இருந்தும் கோப்புகள் மறைந்துபோகக்கூடிய ஒரு விசித்திர நிலைமை டெபியனில் அண்மைக் காலத்தில் எழுந்தது. அதனைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

‘யூனிக்ஸ்’ முறையின் இளமைப் பருவத்தில் வட்டுகள் மிகச் சிறியனவாக இருந்தமையால், நிரல்களும் நூலகங்களும் இரண்டிடங்களில் பிரித்து வைக்கப்பட்டன. ‘பின்’, ‘லிப்’ என்னும் அடைவுகள் மூலத்தில் ஒரு முறையும், ‘யூ.எஸ்.ஆர்.’ என்னும் அடைவுக்குள் மற்றொரு முறையும் அமைந்தன. வட்டுகள் பெருத்த பின்னும் பிரிவினை நீடித்தது. ஃபெடோரா 2012-ஆம் ஆண்டில் இவற்றை ஒன்றாக்கிற்று. டெபியனிலும், மூலத்திலிருந்த ‘லிப்’ அடைவை நீக்கி, அதே பெயரில் ‘யூ.எஸ்.ஆர்.’க்குள் உள்ள ‘லிப்’பைச் சுட்டும் ஒரு குறியிணைப்பை வைத்தார்கள். 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பில் புதிதாக நிறுவுவோருக்கு இது வழக்கமாயிற்று. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் யாவருக்கும் கட்டாயமாயிற்று. ஒரு வீட்டுக்கு இரண்டு வாயில்கள். எவ்வாயில் வழியே சென்றாலும் அதே அறை.

மனிதருக்கு இது விளங்கும். டி.பி.கே.ஜி.க்கு விளங்காது. அதன் பேரேட்டில் கோப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படுகிறது. இரு பெயர்கள் ஒரே கோப்பைக் குறிக்கின்றன என்பதை அது அறியாது. ‘அ’ என்னும் பொதிக்கு உரிய ஒரு கோப்பு பழைய வாயிலின் பெயரால் பேரேட்டில் இருப்பதாகக் கொள்வோம். புதிய பதிப்பில் அக்கோப்பு ‘ஆ’ என்னும் பொதிக்கு மாற்றப்படுகிறது. கூடவே அதன் பெயரும் புதிய வாயிலுக்கு மாற்றப்படுகிறது. முதலில் ‘ஆ’ நிறுவப்படுகிறது. பெயர் வேறாகையால் டி.பி.கே.ஜி. இதில் உரிமை மாற்றம் எதையும் காணவில்லை. கோப்பை இறக்கி வைக்கிறது. அடுத்து ‘அ’ மேம்படுத்தப்படுகிறது. பழைய பட்டியலில் இருந்த பெயர் புதிய பட்டியலில் இல்லை. ஆகவே அதை நீக்க வேண்டும் என்று முடிவுசெய்து, பழைய வாயில் வழியே உள்ளே சென்று, சற்றுமுன் ‘ஆ’ வைத்த கோப்பையே அழித்துவிடுகிறது. ‘அ’வின் பட்டியல் சரி, ‘ஆ’வின் பட்டியல் சரி, அறிவிப்புகள் சரி, கோப்பு மட்டும் இல்லை.

கணிப்பொறி இயங்கத் தொடங்குவதற்கே வேண்டிய கோப்புகள் பல அந்த அடைவுகளில்தான் இருந்தன என்பதால் இது அற்ப விஷயமன்று. டெபியனின் தொழில்நுட்பக் குழு, வழி தெளிவாகும் வரை கோப்புகளை மூலத்திலிருந்து ‘யூ.எஸ்.ஆர்.’க்கு இடம் மாற்ற வேண்டாம் என்று 2021-இல் பொதி கட்டுவோரைக் கேட்டுக்கொண்டது. பின்னர் ஹெல்முட் குரோனே என்பவர் இவ்விபத்து எந்தெந்த வகைகளில் நேரக்கூடும் என்பதைப் பகுத்து ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி வகுத்தார். அத்துடன் காப்பகத்திலுள்ள பொதிகளின் பட்டியல்களைப் பல பதிப்புகளிலிருந்தும் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே கோப்பு மறையக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவியையும் அமைத்தார். அதன் அறிவிப்புகளைக் கொண்டு பொதிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் பேரேட்டுப் பெயர்களும் உண்மையான இடங்களும் ஒன்றுபட்டன. சுமார் 70,000 பொதிகள் கொண்ட ஒரு தொகுதியில், மேம்படுத்திய பெரும்பான்மையோர் எதையும் உணராமலே இது நிறைவேறியது என்பதைக் கட்டற்ற மென்பொருள் உலகின் பெரிய சாதனைகளுள் ஒன்றாகக் கூறலாம். கொண்டாடியவர்கள் என்னவோ மிகச் சிலரே.

பட்டியலில் சேராதவை

கணிப்பொறியில் உள்ள எல்லாக் கோப்புகளும் பொதிப் பட்டியலில் வருவதில்லை, வரவும் கூடாது. பயனர் எழுதிய கடிதங்கள் அவருடையவை. இயக்கத்தின்போது உண்டாகும் நாட்குறிப்புகளும், எழுத்துருக்களை விரைவாகத் தேடுவதற்குத் தயாரிக்கப்படும் அட்டவணைகளும் நிறுவிய பின் பிறப்பவை. பொதியை நீக்கும்போது அவற்றையும் அகற்றும் பொறுப்பு பொதியுடன் வரும் சிறு கட்டளைக் கோப்புகளைச் சார்ந்தது.

இரண்டுக்கும் நடுவே நிற்பவை அமைப்புக் கோப்புகள். அவை பொதியில் வருகின்றன; ஆனால் அச்சுப்பொறி, வலைத் தொடர்பு முதலியவற்றுக்கு ஏற்ப அந்தந்தக் காரியாலயத்தார் அவற்றைத் திருத்துகிறார்கள். புதிய பதிப்பு வரும்போது திருத்தத்தை அழித்துவிட்டால் அச்சுப்பொறி நின்றுபோகும். டெபியனில் இக்கோப்புகள் தனிப் பட்டியலில் குறிக்கப்படுகின்றன. பயனர் திருத்தியதையே மூல ஆசிரியரும் மாற்றியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று டி.பி.கே.ஜி. கேட்கிறது. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் கோப்பு ‘மாதிரி’ என்ற பெயருடன் வருகிறது. அதன் நகலே உபயோகத்துக்கு வைக்கப்படுகிறது. நகல் திருத்தப்பட்டிருந்தால் அதைத் தொடுவதில்லை.

தீவில் சோதனை

பொதி சென்னையிலிருந்து வழியில் மாற்றப்படாமல் வந்ததா என்பதை அறிய வேறொரு வகைப் பட்டியல் உதவுகிறது. காப்பகத்திலுள்ள ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட ஒரு நீண்ட எண் அட்டவணையில் குறிக்கப்பட்டு, அவ்வட்டவணை மின் கையொப்பத்தால் காக்கப்படுகிறது. வந்து இறங்கிய பிறகு கெட்டுப்போவது வேறு. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கடற்காற்றும் ஈரமும் மின் சாதனங்களுக்கு நண்பர்கள் அல்ல. வட்டின் ஒரு மூலை பழுதுபட்டு ஒரு நூலகக் கோப்புச் சிதைந்தால், முழு இயக்கமுறைமையையும் மறுபடி நிறுவ வேண்டுமென்பதில்லை. பொதிக்குள் வந்த பட்டியலில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு சோதனை எண் உண்டு. டி.பி.கே.ஜி. பேரேட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் மறுபடி கணித்து, மாறியது எது, காணாமற் போனது எது என்று கூறிவிடும். இவ்வெண்கள் தற்செயலான சிதைவைக் காட்டுவதற்கே ஏற்றவை. கணிப்பொறிக்குள் புகுந்து வேண்டுமென்றே தீங்கிழைப்பவன் எண்களையும் சேர்த்து மாற்றிவிடக்கூடும் என்பதை மறக்கலாகாது.

சிதைந்த கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று பேரேட்டைக் கேட்டால் சொல்லும். அக்கோப்பைத் தரும் பொதி கணிப்பொறியில் நிறுவப்படவே இல்லையெனில், காப்பகம் வெளியிடும் பேரட்டவணையில் கோப்பின் பெயரைத் தேடி, எந்தப் பொதியில் இருக்கிறது என்று அறியலாம். அந்த ஒரு பொதியை மட்டும் வருவித்தால் போதும். கம்பி எட்டாத சிறு தீவாயின், அப்பொதியை விரல் நீள நினைவகத்தில் பதிந்து கப்பலில் அனுப்பலாம். பட்டியல் பொதியோடு கூடவே செல்வதால், அங்கே இணையத் தொடர்பு இல்லாமலே சோதனை நடத்தலாம். நிறுவிய பின் அதே கட்டளையை மறுபடி இட்டால், குறையுள்ள கோப்புகளின் பெயர்களே திரையில் வரும். குறை ஏதும் இல்லையெனில் ஒரு வரியும் தோன்றாது.